கொலை செய்யாதவனுக்குத் தூக்கா?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து கேட்டார்: “ஏழைக்கு வருகிற ரேஷன் அரிசியை லாரி லாரியாகக் கடத்துகிறானே, அவனைத் தூக்கில் போட்டால் என்ன? ஒருத்தனைப் போட்டால் ஒன்பது பேர் அடங்கிப் போவார்களே!” பலத்த கைதட்டல். மேடையில் இருந்த நாங்களும் கைதட்டினோம். நேரமாகிவிட்டதால் பதில் சொல்லாமலே கலைந்தோம். இன்று பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்தக் கோபம் நியாயமானது. கள்ள மார்க்கெட்காரனைப் பக்கத்தில் உள்ள விளக்குக் கம்பத்தில் தொங்கவிட வேண்டும் என்று ஜவாஹர்லால் நேருவே ஒரு காலத்தில் பேசினார். பிறகு 17 ஆண்டு பிரதமராகவும் இருந்தார். விளக்குக் கம்பங்களும் இருந்தன. எந்தக் கள்ள மார்க்கெட்காரனும் தொங்கவில்லை. 1955ல் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் வந்தது. உச்ச தண்டனை 7 ஆண்டுச் சிறை. அந்த ஏழு ஆண்டையும் முழுதாக அனுபவித்த அரிசி முதலாளி ஒருவனை நம்மில் யாராவது கண்டதுண்டா? வண்டி ஓட்டியவன் பிடிபட்டதைக் கண்டிருக்கிறோம். ரயிலில் சிறு மூட்டையோடு வந்த கிழவி பிடிபட்டதைக் கண்டிருக்கிறோம்.

கொலைக்குத் தூக்கு சரியா என்பது தனி விவாதம். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். கொலையே செய்யாத குற்றத்துக்குத் தூக்கு என்று சட்டம் எழுதினால் கயிறு யார் கழுத்துக்கு வரும்? இதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. நடந்து முடிந்த கதை இருக்கிறது.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 200க்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு. ஆடு திருடினால் தூக்கு. கடையில் 5 ஷில்லிங் பெறுமான சரக்கை மறைத்து எடுத்தால் தூக்கு. திருட்டு நின்றதா? நிற்கவில்லை. ஜூரிகளுக்கே மனம் பொறுக்காமல், திருடிய சரக்கு 4 ஷில்லிங் 10 பென்ஸ்தான் பெறும் என்று தீர்ப்பெழுதி உயிரைக் காப்பாற்றினார்கள். பறிகொடுத்தவர்கள் பலர் வழக்குப் போடவே பின்வாங்கினார்கள். தண்டனையின் கொடுமையே தண்டனையைத் தடுத்தது!

ஆனால் முதலாளிக்குத் தேவைப்பட்டபோது கயிறு இறங்கியது. 1812ல் காலுறை பின்னும் தறியை உடைத்தால் தூக்கு என்று பார்லிமெண்டில் சட்டம் போட்டார்கள். கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் எழுந்து எதிர்த்தார்; பலனில்லை. 1813 ஜனவரியில் யார்க் நகரில் ஆலைத் தொழிலாளர் கலகத்துக்காக 17 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் 3 பேர் மீதுதான் கொலைக் குற்றம். மற்ற 14 பேர் ஆலையைத் தாக்கினார்கள், ஆயுதம் பறித்தார்கள் என்றுதான் குற்றச்சாட்டு.

விவசாயத் தோழர்களே, அடுத்தது உங்கள் கதை. 1830ல் கதிரடிக்கும் யந்திரம் வந்து குளிர்கால வேலை பறிபோனது. கூலி கேட்டு, யந்திரங்களை உடைத்தார்கள் இங்கிலாந்தின் பண்ணையாட்கள். அவர்கள் கையால் ஓர் உயிரும் போகவில்லை. தூக்கிலேறியவர்கள் 19 பேர். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவு. ஹென்றி குக் என்ற 19 வயதுப் பையன் பணக்காரக் குடும்பத்து மனிதர் ஒருவரைச் சம்மட்டியால் அடித்தான். அடி தொப்பியில் பட்டது. அந்த மனிதர் பிழைத்து நடமாடினார். பையன் 1831 ஜனவரியில் தூக்கில் தொங்கினான்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தஞ்சை ஜில்லா தம்பிக்கோட்டையில் பிறந்து, சிறு பிராயத்திலேயே கப்பலேறிச் சென்றவர் தோழர் எஸ். ஏ. கணபதி. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். யுத்தம் முடிந்தபின் ரப்பர்த் தோட்டத்துத் தமிழரையும் சீனத் தொழிலாளரையும் ஒரே அமைப்பில் சேர்த்த அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். மலாயா கணபதி என்றால் தஞ்சைப் பக்கத்தில் பெரியவர்கள் இன்றும் அறிவார்கள். 1948 ஜூனில் சம்மேளனத்தின் பதிவு ரத்தாயிற்று. அதே மாதம் நாடு முழுதும் அவசரநிலை. அவசரநிலை விதிகளின்படி அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இடுப்பில் துப்பாக்கியோடு திரியலாம். அது அனுமதி பெற்ற துப்பாக்கி!

1949 மார்ச்சில் கணபதியைப் பிடித்தார்கள். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. கொலைக் குற்றம் எதுவும் இல்லை. இந்திய சர்க்காரும் உயிர்ப்பிச்சை கேட்டது. கேட்கவில்லை. மே 4ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடித்து இரண்டே மாதம்! அதற்கு முந்தின நாள்தான் அவருடைய தோழர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதே காலத்தில், அதே விதியில் மாட்டிக்கொண்ட இன்னொரு தமிழர் சாம்பசிவம். துப்பாக்கி ஒரு குற்றம், தோட்டா ஒரு குற்றம். நீதிபதியோடு அமர்ந்த அசெசர்கள் இரண்டிலும் குற்றமற்றவர் என்றார்கள். தோட்டாக் குற்றத்தில் நீதிபதியும் விடுதலை செய்தார். துப்பாக்கிக்கு மட்டும் மறு விசாரணை என்றார். மறு விசாரணையில் தூக்குத் தண்டனை. அங்குள்ள அப்பீல் கோர்ட்டும் ஊர்ஜிதம் செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. தோட்டாவும் தன்னிடம் இருந்ததாகக் கூறும் வாக்குமூலத்தை, தோட்டா வழக்கில் விடுதலையானதை மறைத்து, மறு விசாரணையில் சாட்சியமாகக் காட்டியது தவறு என்று 1950ல் தண்டனையை ரத்து செய்தார்கள். இன்றும் வக்கீல்கள் கோர்ட்டுகளில் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டி வாதாடுகிறார்கள். சாம்பசிவம் பிழைத்தார். கணபதியின் வழக்கில் என்ன பிழை இருந்தது என்று 1950ல் யாராவது கண்டுபிடித்திருந்தால் என்ன செய்திருக்க முடியும்? புதைகுழியைத் தோண்டியா விடுதலை செய்வது?

இதே சிலாங்கூரில், 1948 டிசம்பரில், பத்தாங் காலி ரப்பர்த் தோட்டத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக ஒரு சிப்பாய் கூடக் கூண்டிலேறவில்லை. 2015ல் கூட, விசாரணைக்கு உத்தரவிட லண்டன் உச்ச நீதிமன்றம் மறுத்தது.

எதிரி செய்ததை மட்டும் சொல்லிவிட்டு நம் தரப்பை மூடி மறைத்தால் நாம் யோக்கியர்களல்ல. சோவியத் நாட்டில் 1932 ஆகஸ்டில் கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடினால் சுட்டுக் கொல்லலாம் என்று சட்டம் வந்தது. பஞ்ச காலம். கதிர் பொறுக்கிய குடியானவர்களும் அதில் சிக்கினார்கள். 1936ல் சோவியத் சர்க்காரே அந்த வழக்குகளைத் திரும்பப் பார்த்து ஏராளமானவர்களை விடுவித்தது. 1961ல் அன்னியச் செலாவணிக் கள்ள வியாபாரிகள் சிலருக்கு 15 ஆண்டுச் சிறை கொடுத்த பிறகு, புதிதாகச் சட்டம் திருத்தி, மறுபடி விசாரித்துச் சுட்டார்கள். செய்தபோது இல்லாத தண்டனையைச் செய்த பிறகு எழுதினார்கள். யார் எழுதினாலும் அது அநீதி.

தாய்மார்கள் ஒன்று கேட்பீர்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியைக் கெடுத்தவனுக்குத் தூக்கு என்று 2018ல் நம் நாட்டில் சட்டம் வந்ததே, அதுவும் வேண்டாமா? நம்மையும் தடுமாறச் செய்யும் கேள்வி இது. அந்தப் பாவிக்கு நாம் இரக்கம் கேட்கவில்லை. ஆனால் கெடுத்தாலும் தூக்கு, கெடுத்துக் கொன்றாலும் தூக்கு என்றால் சாட்சி சொல்லக்கூடிய குழந்தையை அவன் உயிரோடு விடுவானா? பெரும்பாலும் அவன் சொந்தக்காரனாகவோ அண்டை வீட்டானாகவோ இருக்கிறான். தூக்கு என்று தெரிந்தால் குடும்பமே குழந்தையின் வாயை மூடிவிடும். அவன் சாகும்வரை சிறையில் கிடக்கட்டும்.

மலேசியா 2023ல் கட்டாயத் தூக்கை எடுத்துவிட்டது. சிங்கப்பூரில் கயிறு இன்னும் தொங்குகிறது: 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. 2022 ஏப்ரலில் மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவரை, 42 கிராம் சொச்சத்துக்காக, அறிவுத்திறன் குன்றியவர் என்று வாதாடியும் கேளாமல் தூக்கிலிட்டார்கள். சரக்கைக் கொடுத்தனுப்பும் பெரிய முதலாளி அகப்படுவது அபூர்வம்.

கேள்வி கேட்ட தோழர் இன்றும் முன்வரிசையில் இருக்கிறார். கடத்தல் அரிசி எந்த ரைஸ்மில்லில் பாலிஷ் ஆகிறது, எத்தனை மணிக்கு லாரி வருகிறது என்பது அவருக்கும், அங்கே மூட்டை தூக்கும் தோழர்களுக்கும் தெரியும். மில் லைசென்ஸை ரத்து செய், சரக்கைப் பறிமுதல் செய், வண்டியோட்டி மீது போடுகிற வழக்கை முதலாளி மீதும் போடு, 1955ஆம் வருஷத்துச் சட்டத்தில் உள்ள 7 ஆண்டை அவனுக்கு வாங்கிக் கொடு என்று மனு எழுதியிருக்கிறோம். மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கைநாட்டுக்கு மையும் வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாவட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போகிறோம்.