இதய நாடியின் நிழலும் குருதியின் ஓட்டமும்



சில மாதங்களுக்கு முன் என் நண்பர் ஒருவர் மருத்துவ அறிக்கையொன்றைக் கையிலேந்தி என் வீட்டுக்கு வந்தார். “இதய நாடியிலே நூற்றுக்கு அறுபது பங்கு அடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியாயின் எனக்கு எஞ்சியிருப்பது நாற்பது பங்கு உயிர்தானே?” என்று கேட்டார். நான் மருத்துவனல்லன், கலை பயின்று பாடஞ் சொல்பவன். ஆயினும் அவர் கேள்வி என்னை நூல்களைத் தேடச் செய்தது. தேடிக் கண்டதை இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

உடலெங்கும் குருதியை அனுப்பும் இதயம், தன் தசைக்கு வேண்டியதைத் தன்னுள் நிறைந்த குருதியிலிருந்து நேரே எடுத்துக்கொள்வதில்லை என்றே சொல்லலாம். பெருநாடியின் அடியிற் கிளைத்து, இதயத்தின் புறத்தை முடிபோலச் சூழும் இரு நாடிகளே அதற்கு உணவூட்டுகின்றன. முடியுரு நாடிகள் என்று அவை பெயர் பெற்றதும் இதனாலேயே.

இந்நாடிகளைப் படம்பிடிக்கும் கலை துணிவிலும் தவறிலும் பிறந்தது. 1929 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வேர்ணர் ஃபோஸ்மன் என்னும் இளம் மருத்துவர், தம் கை நாளத்தினூடாக மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அது இதயத்தை எட்டியதை ஊடுகதிர்ப் படத்தால் நிறுவினார். 1956 இல் வேறிருவருடன் நோபல் பரிசும் பெற்றார். 1958 ஒக்டோபரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே மேசன் சோன்ஸ் என்பார் ஒரு நோயாளியின் பெருநாடியிற் சாயஞ் செலுத்த முற்பட்டபோது, குழாயின் நுனி தவறி வலது முடியுரு நாடியினுட் புகுந்தது. சாயம் அதனுட் பாய, இதயம் சில கணங்கள் நின்றது. நோயாளியை இருமச் சொன்னார் சோன்ஸ். இதயம் மீண்டும் துடித்தது. எல்லோரும் அஞ்சிய செயல் இயலக்கூடியதே என்பதை அத்தவறு காட்டிற்று. இன்று அஞ்சியோகிராம் எனப்படும் சோதனை இவ்வாறே தோன்றிற்று.

ஆனால் அப்படம் காட்டுவது குழாயின் உள்வெளியின் நிழலையே. ஓட்டத்தின் அளவை அது சொல்வதில்லை. வாய்க்காலில் மண் சரிந்து கிடந்தால், கரையில் நிற்பவர் “பாதி அடைத்துவிட்டது” என்று சொல்லிவிடலாம். கடைமடைப் பயிர் வாடுகின்றதா என்பதன்றோ உழவனின் கவலை? அதுவும் நீர் மிக வேண்டிய வேளையிலேதான் புலப்படும். 1974 இல் லான்ஸ் கூல்ட் என்பாரும் அவர்தம் துணைவரும் நாய்களிற் செய்த ஆய்வு இதையே காட்டிற்று. விட்டம் நூற்றுக்கு 85 பங்களவு சுருங்கும்வரை ஓய்விலிருக்கும் இதயத்துக்குக் குருதி குறையவில்லை. உச்ச ஓட்டமோ பாதி சுருங்கு முன்னரே குறையத் தொடங்கிற்று.

எனவே நிழலோடு அமுக்கத்தையும் அளக்கும் முறை வந்தது. நெதர்லாந்தின் நிக்கோ பேல்ஸும் பெல்ஜியத்தின் பேர்னாட் டி புறூயினும் இதனை வளர்த்தவர்கள். அமுக்கமானி பொருத்திய நுண்கம்பியை அடைப்புக்கு அப்பாற் செலுத்துவர். அடினோசின் என்னும் மருந்தால் ஓட்டத்தை உச்சத்துக்கு உயர்த்துவர். அடைப்புக்கு முன் அமுக்கம் 100 ஆகவும் பின் 70 ஆகவும் இருப்பின் விகிதம் 0.70. அது 0.80 அல்லது அதற்குக் குறைவாயின், அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கின்றது என்று கொள்வர்.

2009 இல் வெளியான ஓர் ஆய்விலே 1005 நோயாளிகள் இரு பிரிவாயினர். படத்தை மட்டும் நம்பிச் சிகிச்சை பெற்றோரில் ஓராண்டுக்குள் மரணமோ, மாரடைப்போ, மறு சிகிச்சையோ நேர்ந்தது நூற்றுக்கு 18.3 பேருக்கு, அமுக்கம் அளந்து சிகிச்சை பெற்றோரில் 13.2 பேருக்கு. பின்னவர்க்குப் பொருத்திய வலைக்குழாய்களும் குறைவு. குழாயை உட்செலுத்தாது, சீற்றீ படத்திலிருந்தே கணினியால் இவ்விகிதத்தைக் கணிக்கும் முறையும் இப்போதுண்டு.

என் நண்பர் தம் மருத்துவரிடம் “ஓட்டம் எவ்வளவு?” என்று கேட்டார். அளந்தபோது 0.88 என வந்தது. வலைக்குழாய் வேண்டியிருக்கவில்லை, மருந்தும் நடைப்பயிற்சியும் போதுமென்றனர். புகைத்தலையும் விட்டுவிட்டார். நோய் நீங்கிவிட்டது என்பதன்று இதன் பொருள். நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கையிலோ தாடையிலோ பரவுமாயின், எந்த எண்ணையும் நம்பியிராது உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

அடைப்பு அறுபது பங்கென்றால் எஞ்சிய உயிர் நாற்பது பங்கென்பது கணக்கன்று, அச்சம். அச்சம் நீங்கக் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்பதற்கு எவரும் கூசவேண்டியதில்லை.