பொதிகை அவலோகிதரும் குரண்டிப் பள்ளியும்



கரிசலும் கண்மாய்களுமாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பௌத்தரின் கருணைத் தெய்வத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். அமர்ந்த கோலத்தில் பழஞ்சிலை எதைக் கண்டாலும் ‘புத்தர்’ என்று பெயரிடும் வழக்கம் நாட்டில் பரவியுள்ளது. பெயர் மாறினால் வரலாறும் மாறிவிடும்; ஆதலின் பேசவேண்டியுள்ளது.

அவலோகிதர் தமிழுக்கு அயலார் அல்லர். வீரராசேந்திர சோழன் காலத்துப் புத்தமித்திரர், தம் ‘வீரசோழியம்’ என்னும் இலக்கண நூலில், அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடமே என்கிறார். நன்னூல் தந்த பவணந்தியாரின் வழிவந்த நமக்கு இவ்வுரிமைப் போட்டி சுவையானதே! ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங், மலயமலையை அடுத்த போதலக மலையில் அவர் உறைவதாக எழுதினார். அது பொதிகையே என்பர் அறிஞர் சிலர். லாசாவின் போதலா மாளிகை அம்மலையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் போதிசத்துவர், துறவியின் எளிய கோலம் அவருக்கில்லை. அணிகலன் பூண்டு, தாமரை ஏந்தி, மகுடத்தில் சிறிய அமிதாப புத்தரைத் தாங்குவார். மகுடத்துச் சிற்றுருவை மட்டும் கண்டு முடிவு செய்தலும் ஆகாது. நம் இயக்கியர் தலைமேலும் சிறிய சினவுருவம் அமைவதுண்டு. புத்தர் சீவர ஆடை உடையவர். தீர்த்தங்கரருக்கோ ஆடையுமில்லை, அணியுமில்லை. முக்குடையும் சாமரம் வீசுவோருமே அடையாளம்.

கருணையிலும் வேறுபாடு உண்டு. உயிர்கள் அனைத்தும் துயர் நீங்கும்வரை தம் வீட்டை வேண்டாதவர் அவலோகிதர். அழைத்தால் வந்து காப்பவர் என்பது அவர்தம் அடியார் நம்பிக்கை. நம் நெறியில் சித்தர் மீள்வதில்லை, வரமும் அருள்வதில்லை. ஆயினும் தீர்த்தங்கரர் கேவலஞானம் எய்தியபின் சமவசரணத்தில் உயிர்களுக்கு அறம் உரைத்தார். அபயதானத்தை அவரிடம் கேட்டுப் பெறுவதினும், நாமே பிற உயிர்க்குத் தருதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட பொருள். வேறு சமயத்தாரின் கருணையை இதனால் குறைவாக எண்ணலாகாது. இரண்டையும் ஒன்றெனக் குழப்புதலும் முறையன்று.

இவ்வறத்தை இவ்வறண்ட நிலத்தில் வளர்த்தது வெண்புநாட்டுக் குரண்டியின் திருக்காட்டாம்பள்ளி. அப்பள்ளியின் அட்டோபவாசி படாரரையும் அவர் மாணாக்கர் குணசேனதேவரையும் மதுரைச் சமணர்மலை வட்டெழுத்துக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஊர்தோறும் சென்று திருமேனி செய்வித்த மாணாக்கர் பரம்பரையுடையது அது. திருச்சுழிக்குச் செல்வோர் அருகிலுள்ள பள்ளிமடத்தில் இறங்கலாம். அங்குள்ள சிவன்கோயிற் கல்வெட்டில் திருக்காட்டாம்பள்ளியின் பெயர் இன்றும் இருக்கிறது.