தேவையும் ஆசையும்



தை மாதத்தில் களத்தில் நெல் குவிந்ததும் நமக்கு எல்லாமே தேவைகளாகத் தோன்றுகின்றன. விதைநெல்லும் தேவை, அண்டை வீட்டாரினும் பெரிய கல்யாணப் பந்தலும் தேவை! பந்தலைச் சில நாட்களில் பிரித்துவிடுகிறோம். அதற்காக அடகு வைத்த நிலத்தை மீட்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. சில நிலங்கள் மீளுவதேயில்லை.

நாம் உண்ணும் சோற்றிலேயே இந்த வேறுபாடு உண்டு. தஞ்சையில் 1892ஆம் ஆண்டு பிறந்த ஜே. சி. குமரப்பா, பம்பாயில் கணக்குத் தணிக்கையாளராக இருந்து, பின்னர் காந்தியடிகளின் கிராமப் பணியில் சேர்ந்தவர். கைக்குத்தல் அரிசியே நல்லதென்று அவர் வலியுறுத்தினார். ஆலையில் தீட்டத் தீட்ட, தவிட்டோடு ‘பி’ வைட்டமினும் போய்விடுகிறது. உடல் கேட்பது தவிட்டை. கண் கேட்பது வெண்மையை. நாமோ கண்ணுக்காகக் கூலி கொடுத்துத் தீட்டி, உடலுக்குரியதை மாட்டுக்கு வைக்கிறோம். மாடு நன்றாகத்தான் இருக்கிறது!

அரைவயிற்றுக் கூலியாளரிடம் சென்று, உள்ளது போதுமென்று உபதேசிப்பது நம் நோக்கமன்று. அவருக்குக் குறைவது தேவையே. கடன் கிடைக்கக்கூடிய நம்மைப் பற்றியே பேசுகிறோம்.

அடுத்த கூட்டத்தில், சென்ற அறுவடைக்குப் பின் நம் ஊரார் வாங்கிய கடன்களை இரண்டாகப் பிரித்து எழுதுவோம்: கிணற்றுக்கும் உழவு மாட்டுக்கும் வாங்கியவை ஒரு பக்கம், பந்தலுக்கும் விருந்துக்கும் வாங்கியவை மறு பக்கம். எவர் பெயரையும் படிக்க வேண்டாம். தொகையை மட்டும் படிப்போம்.