பரிசளிப்பு விழாவில் பள்ளி வாரியத் தலைவர் ஆற்றிய உரை



எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். போன வருஷமும் பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். நான் அரைமணி நேரம் பேசிவிட்டேன். மீ கோரெங் ஆறிப்போச்சு என்று தாய்மார்கள் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் இந்த உரையை ஆற்றுவது எளிது. எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கினார்கள் என்று சொன்னால் போதும், கைதட்டல் வந்துவிடும். 1988-இல் தொடங்கிய அந்தத் தேர்வு 2021-இல் ரத்தாகிவிட்டது. இனி எதைச் சொல்லிப் பெருமைப்படுவது என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

நம் பள்ளியில் நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை பெண் பிள்ளைகள் எட்டே பேர். வலைப்பந்துக் குழுவுக்கு ஏழு பேர் வேண்டும். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் சமாளிக்கலாம். இருவருக்கு வந்தால் குழு முழுமையாகாது. அந்த எட்டுப் பேரும் மாவட்டப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்று வந்தார்கள். கடைசி ஆட்டத்தில் கணுக்கால் சுளுக்கிய பிள்ளை வெளியே உட்கார்ந்து அழுதது வலிக்காக அல்ல. தன்னை உள்ளே விடவில்லையே என்றுதான்.

இன்னொன்று. சற்று முன் இந்த மேடையில் வரவேற்புரை வாசித்தானே, அந்தப் பையன் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது எழுத்துக் கூட்டத் தெரியாதவன். புத்தகத்தைத் திறந்தாலே வயிறு வலிக்குது டீச்சர் என்பான். ஆனால் ரோட்டில் போகும் மோட்டார் சைக்கிள்களின் பெயரையெல்லாம் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். நம் ஆசிரியை என்ன செய்தார்? பாடநூலை மூடி வைத்துவிட்டு, யமஹா, ஹோண்டா, சுசூக்கி என்று தமிழ் எழுத்தில் அட்டை எழுதினார். பள்ளி விட்ட பிறகு அரைமணி நேரம், நாள் தவறாமல். ஏழு மாதத்தில் பையன் வாசிக்கத் தொடங்கினான். இதை மேடையில் சொல்லவேண்டாம் சார் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டார். மன்னிக்கவேண்டும் டீச்சர், சொல்லிவிட்டேன்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது.

என் தாயார் இந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூட வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படித் தோட்டந்தோறும் முளைத்த பள்ளிகள், நாடு சுதந்திரம் பெற்ற 1957-இல் 888 இருந்தன. இன்று ஏறக்குறைய 530. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, சனங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே நின்றுவிட்டது. நிலம் அரசாங்கத்தின் பெயரில் இல்லாததால் நம்முடையது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. கூரை ஒழுகினால் பெரும்பாலும் நாம்தான் ஏணி தேடவேண்டும்.

பத்துப் பிள்ளைகள் என்றேன். இவ்வாண்டு நம் முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர்.

யாரையும் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் பேத்தியே இங்கே படிக்கவில்லை. மகனிடம் சண்டை போட்டேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "அப்பா, வேன் காலையில் அஞ்சே முக்காலுக்கு வந்துடுது. மூணு தாமான் சுத்திட்டுப் போறதுக்குள்ள பிள்ளை தூங்கிப்போயிடுது. நீங்களே ஒரு நாள் ஏறிப் பாருங்க." ஏறிப் பார்த்தேன். ஒரு வாரம் போனேன். மகன் சொன்னது சரிதான். பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். தமிழ் உணர்வு இல்லை என்று பெற்றோரைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு வாய் அடைத்துப்போயிற்று.

நமக்கு வேண்டியது இரண்டாவது வேன். இரண்டு வேன் ஓடினால் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்.

இந்த இடத்தில் நன்றி சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற நம் வேன்காரர் இந்த வருஷத்தில் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. வெள்ளம் வந்த அன்று பிள்ளைகளை வீட்டு வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் விட்டவர் அவர். மளிகைக்கடை முதலாளி மாதந்தோறும் காலை உணவுக்கு அரிசி அனுப்புகிறார். பற்றுச்சீட்டு வேண்டாம் என்பார், நாங்கள் விடுவதில்லை. கேண்டீன் அக்கா, காசு கொண்டுவராத பிள்ளைக்கும் தட்டு வைப்பவர். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பழைய மாணவர் ஒருவர், முதல் சம்பளம் வாங்கிய மாதத்திலிருந்து பணம் அனுப்பிவருகிறார். பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய ஆசிரியர் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரியும்.

இன்னொருவரையும் மறக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில் ஆளுயர அட்டைக் காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். படம் வந்தது, பணம் வரவில்லை. அட்டை நல்ல கனமான அட்டை. பின்பக்கத்தில் பெருக்கல் வாய்பாடு எழுதி இரண்டாம் வகுப்பில் மாட்டியிருக்கிறோம். பதினாறாம் வாய்பாடு வரைக்கும் இடம் இருந்தது.

வேன் நிதிக்கான கணக்குப் புத்தகம் வாசலருகே மேசையில் இருக்கிறது. இதுவரை வந்தது எவ்வளவு, குறைவது எவ்வளவு என்று பொருளாளர் எழுதி வைத்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். ஐந்து ரிங்கிட்டுக்கும் ரசீது உண்டு. பக்கத்திலேயே முதலாம் வகுப்புப் பதிவுப் பாரமும் இருக்கிறது. என் இரண்டாவது பேரனுக்காக நானும் ஒன்று எடுத்து மகன் கையில் கொடுத்திருக்கிறேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆசிரியை மணியைப் பார்க்கிறார். முதலில் வலைப்பந்துக் குழு, எட்டுப் பேரும் மேடைக்கு வாருங்கள் அம்மா. சுளுக்கிய பிள்ளை முன்னால் வரட்டும்.