நன்றி சொன்னா மாத்தே வராது

போன வாரம் இலக்கணம் கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு. இன்னைக்கு மாத்தே பத்திப் பேசுவோம்.

பியூனஸ் அயர்ஸில் நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. அலுவலகத்தில் ஒரு அம்மா சின்னச் சுரைக்குடுவை நிறைய பச்சைத் தூள் போட்டு, உலோகக் குழல் சொருகி, வெந்நீர் ஊத்தி நீட்டினாங்க. அப்படியொரு கசப்பு! மரியாதையா ‘கிராசியாஸ்’னு சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். குடுவை எல்லாரையும் நாலைந்து தடவை சுத்தி வந்தது. எனக்கு மட்டும் வரலை. மறுநாளும் ஒரு மாத்தே, ஒரு கிராசியாஸ், அத்தோட சரி. மூணு வாரம் இப்படியே. எல்லாரும் ஒரே குழலில் குடிக்கிறாங்க, நம்ம வாய் பட்டது பிடிக்கலையோ, நிறம் பார்க்கிறாங்களோன்னு ராத்திரி தூக்கமே இல்லை. வீட்டுக்கு ஃபோன் பண்ணி, திரும்பி வந்துடறேன்னுகூடச் சொல்லிட்டேன்.

ஒருநாள் அந்த அம்மாவே கேட்டாங்க: “சே, உனக்கு மாத்தே பிடிக்கலையா? தினம் ஒண்ணோட நிறுத்திடறியே?”

விஷயம் இதுதான். குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘கிராசியாஸ்’ சொன்னா, ‘போதும், இனி வேண்டாம்’னு அர்த்தம். இன்னும் வேணும்னா பேசாம கொடுக்கணும். இது எந்த ஸ்பானிஷ் பாடப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கலை.

ஊத்திக் கொடுக்கிறவர் பேர் ‘செபதோர்’. ‘செபார்’ என்ற வினைக்கு, தீனி போட்டுக் கொழுக்க வைப்பது என்றும் பொருள் உண்டு. முதல் மாத்தே ரொம்பக் கசக்கும், அதனால் அதை அவரே குடிச்சுடுவார். தண்ணீர் கொதிக்கக் கூடாது. 70, 80 டிகிரி போதும். குழலைப் பிடிச்சுக் கலக்கினீங்க, முறைப்பாங்க. சாரம் போயிட்டா ‘லவாதோ’, அதாவது கழுவின மாத்தே.

இலை ‘யெர்பா’. எழுத்தில்தான் அப்படி, பியூனஸ் அயர்ஸ்காரங்க வாயில் அது ‘ஷெர்பா’. லுன்ஃபார்தோ கொச்சையில் மாத்தேன்னா தலை. அந்த அம்மா சொன்ன ‘சே’ நம்ம ‘ஏம்ப்பா’ மாதிரி. வாய்க்கு வாய் அதைச் சொன்னதால்தான் எர்னெஸ்தோ குவேராவுக்கு அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. ஆத்தைத் தாண்டி உருகுவே போனா, அதே இடத்தில் ‘போ’ம்பாங்க. தெருவில் நடக்கும்போதும் கக்கத்தில் ஃப்ளாஸ்க் இருக்கும். பராகுவேயில் இதையே ஐஸ் தண்ணியில் மூலிகை இடிச்சுப் போட்டுக் குடிப்பாங்க, பேர் ‘தெரெரே’. 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்த இலையை முதலில் குடிச்சவங்க அந்தப் பக்கத்து குவரானி மக்கள்தான். அவங்களுக்குத்தான் கிராசியாஸ் சொல்லணும்.

அன்னைக்குச் சாயங்காலம் குடுவை வந்தது. குடிச்சேன். வாயைத் திறக்காம நீட்டினேன். திரும்ப வந்தது. ஆறாவது சுத்தில்தான் கிராசியாஸ் சொன்னேன். ராத்திரி தூக்கம் வரலை, ஆனா அது மாத்தேயில் இருக்கிற கஃபீன்.

அடுத்த வாரம் லுன்ஃபார்தோவோட வர்றேன்.