மீளும் வழி அறிந்து புதுப்பித்தல்

2021ஆம் ஆண்டில் பதுளை மாவட்டத்து லுணுகலையிலிருந்து ஒரு செய்தி உலகத்துப் பத்திரிகைகளுக்குச் சென்றது. கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடிக் கிடந்த காலம் அது. அங்குள்ள பிள்ளைகள் பெரியோர் துணையோடு காட்டுவழியே மலையேறி, மரத்தின்மேல் ஏறத்தாழ 30 அடி உயரத்தில் அமைந்த பரணில் அமர்ந்து, ஆசிரியர் அனுப்பிய பாடங்களைத் தொலைபேசியில் பெற்றுக்கொண்டனர் என்பதே அச்செய்தி. பாடம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், கற்கும் ஆவலும் இருந்தது. இல்லாதது அலைத்தொடர்பு ஒன்றே.

இணையத்தின் அருமையை இவ்வாறு அறிந்த மலைநாட்டில், ஒரு பாடசாலைச் சுவரிலோ, தோட்டத்துக் காரியாலயத்திலோ, வாசிகசாலையிலோ பொருத்தப்பட்ட சிறு வைஃபைக் கருவியை வெறும் வசதிப் பொருள் என்று கூறிவிட முடியாது. அது பழுதுபட்டால் பதுளை நகருக்கோ பண்டாரவளைக்கோ எடுத்துச் செல்ல ஒரு நாட் கூலி போகும். மாற்றுக் கருவி வாங்குவதாயின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போகும். ஆதலின் அக்கருவியைப் பேணும் முறைகளுள் முதன்மையானதும், பலர் அஞ்சுவதும், சிலர் அவசரத்தில் கெடுத்துக்கொள்வதுமான ஒன்றைச் சற்று ஆராய்தல் பயனுடையதாகும். அதுவே நிலைபொருளைப் புதுப்பித்தல்.

நிலைபொருள் என்பது யாது? கம்பிவழியே வரும் இணையத்தை அலைகளாக மாற்றி, சுற்றியுள்ள தொலைபேசிகளுக்கும் கணினிகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது வைஃபை அணுகுமுனை. அக்கருவி விழித்தவுடன் என்ன செய்யவேண்டும், யாரை உள்ளே விடவேண்டும், எந்த அலைவரிசையில் பேசவேண்டும் என்ற ஆணைகள் யாவும் அதனுள் ஒரு நினைவுச் சில்லில் எழுதப்பட்டுள்ளன. அவ்வாணைத் தொகுதியே நிலைபொருள். மின்சாரம் நின்றாலும் அது அழிவதில்லை. ஆயினும் தயாரித்தவர் குறை கண்டவிடத்துத் திருத்தி வெளியிடும் புதிய தொகுதியை, பழையதை அழித்து அவ்விடத்திலே எழுதிக்கொள்ளலாம்.

எழுதாமலே விட்டுவிட்டால் என்ன? 2017ஆம் ஆண்டு ஒக்டோபரில், பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹூஃப், வைஃபைக்குக் காவலாக உலகெங்கும் நம்பப்பட்டிருந்த டபிள்யூ.பி.ஏ.2 என்னும் பூட்டில் ஓர் ஓட்டை இருப்பதை வெளிப்படுத்தினார். கடவுச்சொல்லை மாற்றுவதால் அவ்வோட்டை அடைபடவில்லை. தொலைபேசி, கணினி, சிலவகை அணுகுமுனை ஆகியவற்றின் ஆணைத்தொகுதியைத் திருத்தியே அதனை அடைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் வேறொரு கேடு வெளிப்பட்டது. 54 நாடுகளிலாயினும், குறைந்தது 5 இலட்சம் ரவுட்டர் முதலிய கருவிகளுள் ஒரு தீய நிரல் புகுந்திருந்தது. தன்னை ஏவியவர் விரும்பினால் கருவியையே செயலற்றதாக்கும் ஆற்றலும் அதற்கு இருந்தது. புதுப்பிக்கப்படாத கருவி, தாழ்ப்பாள் துருவேறிய கதவு போன்றது. உடையவன் அறியாமலே பிறர் நுழைவர்.

எனவே புதுப்பித்தல் வேண்டும். எனினும் புதுப்பிக்கும் அந்தச் சில நிமிடங்களிலே கருவி மிகவும் வலுவற்ற நிலையில் இருக்கிறது. பழைய ஆணைகள் அழிந்து, புதியவை முற்றும் எழுதப்படாத வேளையில் மின்சாரம் நின்றுவிட்டால், கருவிக்கு விழிக்கும் வழியே தெரியாமற் போய்விடும். விளக்கு எரியும், வேலை நடவாது.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய பாடமன்று. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டாவிடில் அது மரமாக ஓங்கிக் கொழுந்து குன்றும். வெட்டாமல் விடுவதும் தவறு. கண்ட நேரத்தில் வெட்டுவதும் தவறு. வேரிலே மாச்சத்துப் போதிய அளவு சேர்ந்துள்ளதா என அயோடின் கரைசலைக் கொண்டு சோதித்து, செடிக்கு மீண்டும் துளிர்க்கும் வலு உண்டு என்று கண்ட பின்னரே கத்தியை எடுப்பது முறை. நிலைபொருளுக்கும் அதுவே நெறி: மீண்டும் எழும் வழி உண்டா என்று பார்த்த பின்னரே பழையதை அழிக்க வேண்டும்.

முதலாவதாகக் கருவியின் அடிப்புறத்து ஒட்டுத்தாளைப் படித்தல் வேண்டும். பெயர் ஒன்றாயிருப்பினும், முதற் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் உள்ளே வேறுவேறு சில்லுகளைக் கொண்டிருத்தல் உண்டு. ஒன்றுக்குரிய கோப்பை மற்றொன்றில் எழுதுவது, ஒருவன் மருந்தை வேறொருவனுக்குக் கொடுப்பதற்கு ஒப்பாகும். மாதிரிப் பெயர், பதிப்பு எண் இரண்டையும் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்தே கோப்பைப் பெறவேண்டும். அதனுடன் வரும் குறிப்பையும் படித்தல் நன்று; மிகப் பழைய நிலையிலிருந்து நேரே புதியதற்குத் தாவாமல் இடையில் ஒரு படியில் நின்று செல்லுமாறு சில குறிப்புகள் கூறும்.

இரண்டாவது, வந்த கோப்பு முழுமையாக வந்ததா எனச் சோதித்தல். மலைப்பகுதியில் தொடர்பு இடையிடையே அறுவது இயல்பு. தயாரிப்பாளர் பலர் கோப்புடன் ஷா-256 எனும் 64 எழுத்தடையாளத்தையும் வெளியிடுகின்றனர். தம் கணினியில் அவ்வடையாளத்தைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், கோப்பில் ஓரெழுத்து மாறியிருப்பினும் வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது, உள்ள அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமித்தலோடு, இணையச் சேவைக்குரிய பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபைப் பெயர், அலைவரிசை எண் ஆகியவற்றைக் கொப்பியிலும் எழுதி வைத்தல். புதுப்பித்தபின் கருவி பழையவற்றை மறந்துவிடுதலும் உண்டு. அப்போது கொப்பி கைகொடுக்கும்.

நான்காவது மின்சாரம். ஊவாவிற்கு இது தனிக்கவனம் வேண்டும் செய்தி. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடைப்பருவ மழை பெய்யும். காலையில் வானம் தெளிந்திருக்கும். பிற்பகலில் இடியும் மின்னலும் சூழும். ஆதலின் அம்மாதங்களில் காலை வேளையே தகுந்தது. முன்னறிவித்த மின்தடை அன்று உண்டா எனவும் கேட்டறிதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியதையும், 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றதையும் அறிந்தவர்கள் மின்கம்பியை மட்டும் நம்பமாட்டார்கள். மின்கலத் துணையுடைய சிறு யூ.பி.எஸ். ஒன்றில் அணுகுமுனையையும் கணினியையும் இணைத்துத் தொடங்குவதே பாதுகாப்பு.

மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ள நாளில் இவ்வேலையைத் தொடுதலே ஆகாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு லயங்களை மூடியதை ஊவா மறக்கவில்லை. அத்தகைய நாளில் ஒவ்வொரு தொடர்பு வழியும் திறந்திருத்தல் வேண்டும். புதுப்பித்தல் மறுவாரத்திற்குப் பொறுக்கும்.

ஐந்தாவது, கோப்பை வைஃபை அலைவழியே செலுத்தாது, கணினியையும் கருவியையும் கம்பியால் இணைத்துச் செலுத்துதல். எழுதத் தொடங்கியபின் பொறுமையே வேண்டும். விளக்குகள் அணையும், மின்னும், மீண்டும் அணையும். சில நிமிடங்கள் ஒன்றும் நடவாததுபோல் தோன்றும். அப்போது ‘நின்றுவிட்டது’ என்று எண்ணிச் சுவிச்சை அணைப்பவரே கருவியைக் கெடுப்பவர்.

மலைமேல் ஒன்றிலிருந்து மற்றொன்று அலையைப் பெற்றுக் கைமாற்றும் பல கருவிகள் உள்ளவிடத்து மேலும் ஒரு விதி உண்டு. முதலில் எளிதில் கைக்கெட்டும் ஒரு கருவியில், தொடரில் சேராததொன்றில் சோதித்துச் சில நாட்கள் பார்க்க வேண்டும். பின்னர் தொடரில் மிகத் தொலைவிலுள்ளதைத் தொடங்கி அண்மைக்கு வரவேண்டும். அண்மையிலுள்ளதை முதலில் மாற்றி அது நின்றுவிட்டால், அதற்கு அப்பாலுள்ளவை யாவும் எட்டாமற் போகும்.

முடிந்தபின் பதிப்பு எண் மாறியுள்ளதா, காவற்பூட்டு இயங்குகிறதா, நாடு என்னும் அமைப்பு இலங்கை என்றே உள்ளதா, பழைய தொலைபேசிகளும் இணைகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். கருவியோடு வந்த தொடக்கக் கடவுச்சொல் இன்னும் மாறாதிருப்பின் அன்றே மாற்றுவது கடன். 2016இல் மிராய் என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது அத்தகைய மாறாத கடவுச்சொற்களின் வழியேயாகும்.

இத்தனை செய்தும் கருவி எழாவிடின்? மனங்கலங்க வேண்டுவதில்லை. சில கருவிகள் இரு தொகுதிகளை வைத்திருந்து, ஒன்று கெட்டால் மற்றதைக் கொண்டு எழும். வேறு பலவற்றில், தொடக்கத்திற்குரிய சிறு ஆணைப்பகுதி அழியாமல் நிற்கும். குறித்த பொத்தானை அழுத்தியவாறு மின்சாரம் கொடுத்தால் அது புதிய கோப்பைக் கம்பிவழியே ஏற்கும். அம்முறையைப் பழுது வந்தபின் தேட இணையம் இராது. முன்னரே எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

தயாரித்தவர் திருத்தம் வெளியிடுவதை நிறுத்திவிட்ட பழங்கருவிக்கு மட்டும் இவ்வழி உதவாது. சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து அதனை மாற்றுவதே முறை.

மரத்தின்மேல் ஏறிப் பாடம் பெற்ற பிள்ளைகளுக்கு அலைத்தொடர்பு எத்தகைய செல்வம் என்பது தெரியும். அச்செல்வத்தைக் காக்கும் கருவிக்குக் காலையில் ஒரு மணி நேரமும், ஒரு கொப்பியும், சிறிது பொறுமையும் கொடுப்பது பெரிய விலையன்று. அஞ்சி விடுதலும் வேண்டா, அவசரமும் வேண்டா. மீளும் வழியை முன்னரே அறிந்துகொண்டவன் துணிந்து புதுப்பிக்கலாம்.