கதவைத் தட்டாமல் நுழைந்த கை



அமெரிக்க நாட்டின் அதிபர் ஒருவர், நீதிமன்றத்தின் ஆணை பெறாமலே தம் நாட்டு மக்களின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்கச் செய்தாரென்றால், அவரைக் குற்றக்கூண்டிலே நிறுத்திப் பதவியிலிருந்து இறக்க அது போதிய காரணம் ஆகுமா? இதுதான் எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. "ஆகும்" என்று ஒரே சொல்லில் கூறிவிட்டு நான் அமர்ந்துவிடலாம். ஆனால் முன்வரிசையிலே வழக்கறிஞர்கள் வீற்றிருக்கிறார்கள். நானோ கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு, நாடகக் கொட்டகைக்கு நடந்தவன். நான் வெறும் வாயால் சட்டம் பேசினால் அவர்கள் சிரிப்பார்கள். ஆகவே வழக்கின் கட்டை முதலில் அவிழ்த்து வைக்கிறேன்.

2005 டிசம்பர் 16ஆம் நாள், நியூயார்க் டைம்ஸ் ஏடு ஒரு செய்தியை வெளியிட்டது. ஓராண்டுக் காலம் வெள்ளை மாளிகையின் வேண்டுகோளுக்கு இணங்கி அந்த ஏடு தன் பெட்டிக்குள்ளே பூட்டி வைத்திருந்த செய்தி அது! 2001ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பிறகு, அதிபர் ஜார்ஜ் புஷ் இட்ட ஆணையின்படி, தேசியப் பாதுகாப்பு முகமை என்னும் உளவு நிறுவனம், அமெரிக்காவில் இருப்போர் அயல்நாடுகளோடு நடத்தும் தொலைபேசிப் பேச்சையும் மின்னஞ்சலையும் நீதிமன்ற ஆணையின்றி ஒற்றறிந்து வருகிறது என்றது அச்செய்தி. மறுநாளே வானொலியில் பேசினார் புஷ். மறுத்தாரா? இல்லை! "ஆணையிட்டேன், முப்பது முறைக்கு மேல் அதைப் புதுப்பித்தேன், இனியும் தொடர்வேன்" என்ற பொருள்படப் பேசினார். குற்றம் சாட்டப்பட்டவரே வாக்குமூலம் தந்த பிறகு, சாட்சி தேடி அலைவானேன்?

இதே புஷ், 2004 ஏப்ரலில், பஃபலோ நகரத்துக் கூட்டமொன்றில் என்ன சொன்னார் தெரியுமா? ஒட்டுக்கேட்பதென்றால் நீதிமன்ற ஆணை வேண்டும், அந்த முறையில் மாற்றம் ஏதுமில்லை என்று மக்களுக்கு உறுதி கூறினார். உறுதி கூறிய அந்த நாளிலே, ஒட்டுக்கேட்பு தொடங்கி இரண்டரை ஆண்டு ஓடியிருந்தது!

அவர் மீறிய சட்டம் எது? 1978ஆம் ஆண்டுச் சட்டம். அது பிறந்த கதையையும் கேளுங்கள். செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலே அமைந்த குழு, 1975லும் 1976லும் உளவுத் துறையின் இருட்டறைகளைத் திறந்து காட்டியது. மார்ட்டின் லூதர் கிங்! கறுப்பின மக்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்த அந்தப் பெருமகனின் தொலைபேசியிலே காது வைத்தார்கள். அவர் தங்கிய விடுதி அறைகளிலே ஒலிவாங்கியை ஒளித்து வைத்தார்கள். அவரை அச்சுறுத்தப் பெயரில்லாக் கடிதமும் அனுப்பினார்கள். செய்தவர்கள் திருடர்கள் அல்லர். சம்பளம் வாங்கிய அரசு அலுவலர்கள்! இனி ஒருபோதும் இது நடவாதிருக்க வேண்டுமென்றுதான் அந்தச் சட்டம் வந்தது.

அது கடுமையான சட்டமா என்றால், அதுவுமில்லை. தனியாக ஒரு நீதிமன்றம். அது கூடுவதும் இரகசியமாக. அன்று அங்கே அரசுத் தரப்பு மட்டுமே பேசியது; எதிர்த்தரப்புக்கு இடமே இருக்கவில்லை. அவசரமா? முதலில் கேட்டுக் கொள். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் வந்து ஒப்புதல் பெற்றுக் கொள் என்பதே அப்போதைய விதி. 1979 முதல் 2004 வரை அந்த மன்றம் வழங்கிய ஒப்புதல்கள் பதினெட்டாயிரத்துக்கும் மேல். மறுத்தவையோ விரல்விட்டு எண்ணத்தக்கவை! இப்படி அகலத் திறந்து கிடந்த வாயிலையும் தவிர்த்து, சுவரேறிக் குதித்தவரைப் பார்த்து "அவசரம், பாவம்" என்பதா?

2001 அக்டோபர் 4ஆம் நாள், இரகசியமாக ஒட்டுக்கேட்பு ஆணை பிறக்கிறது. அதே அக்டோபர் 26ஆம் நாள், அந்த 1978ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பல இடங்களிலே தளர்த்தும் புதிய சட்டத்துக்கு அதே அதிபர் பலர் காணக் கையொப்பமிடுகிறார். கேட்டதைக் கொடுக்கக் காங்கிரஸ் காத்திருந்த நேரம் அது. சட்டம் போதவில்லையென்றால் அங்கே கேட்டிருக்கலாமே! வலக்கையால் சட்டத்தைத் திருத்துவது, இடக்கையால் அதே சட்டத்தை மிதிப்பது! இது மறதியால் நேர்ந்த மீறலா?

இனி, நாடகம் எழுதுகிற எனக்குக் கற்பனையிலும் கிட்டாத காட்சியொன்று. 2004 மார்ச் 10, இரவு. வாஷிங்டனிலே ஒரு மருத்துவமனை. அறுவை முடிந்து தீவிரச் சிகிச்சையிலே படுத்திருக்கிறார் அட்டர்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராஃப்ட். அருகிலே அவர் துணைவியார். இந்த ஒட்டுக்கேட்பைச் சட்டப்படி சரியென்று சான்றளிக்க இயலாது எனச் சட்டத் துறை கைவிரித்துவிட்டது. மறுநாளோடு ஆணையின் காலம் முடிகிறது. வெள்ளை மாளிகையிலிருந்து வருகிறார்கள் இருவர், கோன்சாலிசும் கார்டும், கையிலே உறையுடன்! நோயாளியிடம் கையொப்பம் வாங்க! செய்தியறிந்து, காரிலே பறந்து, படிகளிலே ஓடி ஏறி, அவர்களுக்கு முன்னே வந்து நிற்கிறார், பொறுப்பு வகித்த ஜேம்ஸ் கோமி. படுக்கையில் கிடந்தவர் தலையணையிலிருந்து தலையை உயர்த்தி, தம் மறுப்பைத் தெளிவாகச் சொல்லி, "நான் இப்போது அட்டர்னி ஜெனரல் அல்லன், அதோ அவர்" என்று கோமியைச் சுட்டினாராம். வந்தவர்கள் திரும்பினார்கள். சட்டத் துறையின் ஒப்பமில்லாமலே மறுநாள் ஆணை புதுப்பிக்கப்பட்டது! கோமியும், எஃப்.பி.ஐ. தலைவர் முல்லரும் பதவி விலக ஆயத்தமான பின்னரே, திட்டத்தை மாற்ற இசைந்தார் அதிபர். 2007 மே மாதம், செனட் குழுவின் முன்னிலையில் கோமி கூறிய சாட்சியம் இது. ஆஷ்கிராஃப்டின் அரசியலோடு எனக்கு எள்ளளவும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் அந்த ஓர் இரவுக்காக அவருக்கு வணக்கம் சொல்லத்தான் வேண்டும்.

"நிக்சன் தம் அரசியல் பகைவரை ஒற்றறிந்தார், அது குற்றம், புஷ் நாட்டைக் காக்கவன்றோ செய்தார்? மூவாயிரம் உயிர் மாண்டதை மறந்தீரா?" என்பர். மறக்கவில்லை. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். இதற்கு விடை சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

பொற்கைப் பாண்டியன் கதையை நீங்கள் அறிவீர்கள். ஊர்க்காவல் சுற்றி வந்தவன், கணவன் வெளியூர் போன வீட்டுக்குக் காவலாய் நின்றவன், ஓரிரவு உள்ளே ஆண்குரல் கேட்டுக் கதவைத் தட்டினான். வந்திருந்தவன் கணவனே! அவள்மேல் பழி விழக்கூடாதே என்று தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுப் போனான். மறுநாள் முறையீடு வந்தது. அவன் நோக்கம் தூயதுதானே? காக்கத்தானே தட்டினான்? "நோக்கம் நல்லது" என்று சொல்லி அரியணையிலே நிமிர்ந்து உட்காரவில்லை. தட்டிய கையைத் தானே வெட்டிக் கொண்டான். அவனாவது தட்டினான் தோழர்களே, வீட்டிலுள்ளோர் காதிலே ஓசை விழுந்தது, முறையிட முடிந்தது! இங்கே தட்டாமலே நுழைந்தது கை. 2006 ஆகஸ்டிலே, டெட்ராய்ட் நீதிபதி ஆனா டிக்ஸ் டெய்லர் அம்மையார், இது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். மேல்மன்றம் 2007 ஜூலையில் அதைத் தள்ளிற்று. ஒட்டுக்கேட்பு சரியென்று சொல்லியா? அல்ல! "உங்கள் பேச்சைக் கேட்டார்களென்று உங்களால் மெய்ப்பிக்க இயலவில்லை, ஆகவே வழக்குத் தொடுக்க உங்களுக்கு உரிமையில்லை" என்று சொல்லி! இரகசியமாகக் கேட்டதை யார் மெய்ப்பிப்பது? தூய நோக்கம் என்று நீங்கள் சொல்வதைத்தான், எந்த நீதிபதி சோதித்துப் பார்த்தார்?

நீதிமன்றக் கதவு அடைபட்டால் மிச்சம் ஒரு கதவுதான்: இம்பீச்மென்ட். அதைத் திறக்க வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? 2007 முதல் பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு. ஆனால் சபைத் தலைவர் பெலோசி அம்மையார், இம்பீச்மென்ட் என்ற பேச்சுக்கே இடமில்லையென்று முன்னதாகவே சொல்லிவிட்டார். 2008 ஜூனில் டென்னிஸ் குசினிச் என்ற உறுப்பினர் 35 குற்றச்சாட்டுகளைத் தாமே எழுந்து படித்தார். ஒட்டுக்கேட்பும் அவற்றுள் ஒன்று. 251க்கு 166 என்ற வாக்கில் அது குழுவுக்கு அனுப்பப்பட்டது. அங்கேயே உறங்கிற்று. அடுத்த மாதமே, அரசுக்குத் துணைபோன தொலைபேசி நிறுவனங்களை வழக்கிலிருந்து காக்கும் சட்டம் வந்தது. அதற்கு வாக்களித்தவருள் ஒருவர் பராக் ஒபாமா! சொந்த ஒழுக்கத்தைப் பற்றிப் பொய் சொன்னாரென்று 1998இல் கிளின்டனைக் கூண்டிலேற்றிய அதே சபை இது.

2024 ஜூலை 1ஆம் நாள், அந்நாட்டு உச்சநீதிமன்றம், அதிபர்களின் அலுவல்சார் செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து பெருமளவு காப்பு உண்டென்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே, முன்பு இரண்டாவது ஆயுதமாக இருந்த இம்பீச்மென்ட், இன்று ஏறக்குறைய ஒரே ஆயுதம்.

"செனட்டிலே மூன்றில் இரு பங்கு வாக்குக் கிடைக்காதே, வீண் வேலையன்றோ?" என்று முன்வரிசை நண்பர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. 1974 ஜூலை 29ஆம் நாள், நிக்சன்மீது வந்த இரண்டாவது குற்றச்சாட்டிலே, நாட்டுப் பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத ஒட்டுக்கேட்பும் இருந்தது. செனட் வரை அது போகவேயில்லை. நீதிக் குழுவிலே 28 பேர் ஆம் என்றார்கள், 10 பேர் இல்லை என்றார்கள். ஆம் என்றவர்களிலே ஏழு பேர் நிக்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். ஆகஸ்ட் 9ஆம் நாள் நிக்சன் தாமே விலகிப் போனார்.